அப்பா பாட்டு வராத ஞாயிற்றுக்கிழமை

அக்காவுக்குப் புத்தகமே தேவையில்லை என்பது அந்த நாடகக் குழுவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அக்கா என்றால் அங்கே யாருக்கும் உடன்பிறந்தவள் இல்லை. மேடைக்கு வலப்பக்கம், திரை மறைவில், சின்ன விளக்கடியில் வசனப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிற பிராம்ப்டர். நடிக்கிறவர் யாராவது வரியை மறந்து திருதிருவென்று விழித்தால் காதோடு காதாக எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. டைரக்டர் முதல் விளக்குப் போடுகிறவர் வரை அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம். அந்த மரியாதைக்கு அவள் லாயக்கா இல்லையா என்பதைக் கடைசியில் நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

நாடகம் புதுசு, கதை பழசு. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சக்கைப்போடு போட்ட ஒரு காதல் படத்தைப் பாட்டும் ஆட்டமும் சிரிப்புமாக மேடைக்குக் கொண்டுவந்திருந்தார் டைரக்டர். சலவைக் கடைக்காரர் மகளுக்கும், பேண்டு வாத்தியத்தில் டிரம்பெட் ஊதுகிறவனுக்கும் காதல். அவன் இருக்கிற ஒரே கோட்டில் வேண்டுமென்றே மையைக் கொட்டிக்கொண்டு வாரம் நாலு தடவை கடைக்கு வந்து நிற்பான். அவ்வளவுதான் கதை. அதைப் பார்க்கத்தான் ஊரே அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தது.

டைரக்டருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. ஒத்திகை தொடங்கிய முதல் நாள் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, "படத்தப் பார்த்தவங்க கை தூக்குங்க" என்றார். தூக்கினவர்களை எழுப்பித் துணிமணிக்கும் விளக்குக்கும் வாசல் வேலைக்கும் அனுப்பிவிட்டார். "படம் பார்த்தவங்க வாயில படம்தான் வரும். எனக்கு நாடகம் வேணும். இனிமேலும் யாரும் பார்க்கக் கூடாது, சொல்லிட்டேன்." ஒருவர் மட்டும் பாதிக் கையைத் தூக்கினார். "பாதி பார்த்தேன் சார். இடைவேளைக்கப்புறம் தூங்கிட்டேன்." கூட்டம் கொல்லென்று சிரித்தது. டைரக்டரும் சிரித்து, பாதிதானே, போகட்டும் என்று அவரை உள்ளே விட்டார். அவர்தான் பிறகு கதாநாயகிக்கு அப்பாவாக, கதாநாயகனுக்கு மாமனாராக நடித்தவர். குழுவில் அவருக்குப் பேரே மாமனார் என்று ஆகிப்போனது.

அக்காவின் கை அன்று மடியை விட்டு அசையவில்லை. அந்தப் படத்தை அவள் பதினேழு தடவை பார்த்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பதினொன்று, பின்னால் ஆறு. முன்னால் பார்த்ததெல்லாம் யாரோடு என்று கேட்டால், பின்னால் பார்த்தவரோடுதான். படம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதைச் சொன்னால் வேலை போய்விடும், வாசலில் டிக்கெட் கிழிக்க அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டாள். ஒரு பொய்யும் சொல்லவில்லையே, கையைத் தூக்கவில்லை, அவ்வளவுதானே என்று தன்னைத்தானே சமாதானம் பண்ணிக்கொண்டாள். இந்த மாதிரி சமாதானம் பண்ணுவதில் அக்கா கெட்டிக்காரி.

படத்துக்கும் நாடகத்துக்கும் பெரிய வித்தியாசம் ஒரே இடத்தில்தான். ரயில்வே பிளாட்பாரம். கதாநாயகன் வெளியூருக்குக் கிளம்பி நிற்கிறான். "என்கூட வரியா?" என்று கேட்கிறான். படத்தில் அவள் யோசிக்கவே மாட்டாள். "பெட்டிய எடுங்க. வண்டி யாருக்காகவும் நிக்காது" என்பாள். அடுத்தது கல்யாணம்தான். நாடகத்திலோ டைரக்டர் அதை மாற்றியிருந்தார். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்" என்பாள். பிளாட்பாரம் விலகி சலவைக் கடை வரும். இடப்பக்கத்திலிருந்து இஸ்திரிப் பெட்டியோடு மாமனார் வருவார். ஊருக்குப் போகிற மகளின் துணிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து மடித்துக்கொண்டே பாடுவார். நாலு நிமிஷப் பாட்டு. அப்பா பாட்டு என்று குழுவில் சொல்வார்கள். அது முடியும்போது அரங்கத்தில் மூக்கை உறிஞ்சாத ஆள் கிடையாது.

முப்பது வருஷமாக மேடையில் நிற்கிற மனிதருக்கு அதுதான் முதல் பாட்டு. அதுவரை போலீஸ்காரர், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர் என்று வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனவர். பாட்டுக் கிடைத்த பிறகு அவர் நடையே மாறிவிட்டது. தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் போன் போட்டு, "வந்து பாரும்மா, வந்து பாரும்மா" என்று மூன்று மாசம் நச்சரித்தார். நாற்பத்திரண்டாவது காட்சிக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மகள் மாப்பிள்ளையோடும் நாத்தனாரோடும் வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். மறுநாள் காலையில் அவர்களுக்குத் திரும்பிப் போக வண்டி.

அந்த மதியம்தான் அது நடந்தது. கதாநாயகியாக நடித்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. குழுவில் சிட்டு என்பார்கள். இரண்டு நாளாக அவளுக்குக் காய்ச்சல். மாத்திரையை விழுங்கிவிட்டு ஆடிக்கொண்டிருந்தாள். பிளாட்பாரத்தில் "என்கூட வரியா?" என்ற கேள்வி வந்ததும் அவள் முகம் வெறுமையாகிவிட்டது. கண் மட்டும் வலப்பக்கத் திரைக்குத் திரும்பியது. அக்காவின் கண்ணாடி நெற்றியில் இருந்தது. புத்தகம் மடியில் மூடிக் கிடந்தது. அந்தக் காட்சி வந்தாலே அவள் இந்த உலகத்தில் இருக்க மாட்டாள். இருபத்து மூன்று வயதில், இருட்டுக் கொட்டகையில், ஒருத்தர் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். சிட்டு திரும்பிப் பார்த்ததும் வாய் தன்பாட்டுக்குத் திறந்தது.

"பெட்டிய எடுங்க. வண்டி யாருக்காகவும் நிக்காது."

சிட்டு அதை அப்படியே சொன்னாள். கதாநாயகன் ஒரு விநாடி திகைத்தான், பிறகு எடுக்கச் சொன்ன பெட்டியை எடுத்துக்கொண்டான். அரங்கத்தில் பாதிப் பேர் படம் பார்த்தவர்கள். அந்த வசனம் வந்ததும் விசிலும் கைதட்டலும் கூரையைப் பிய்த்தன. பாட்டை வெட்டிவிட்டார்கள் போல என்று பேண்டு மாஸ்டர் கல்யாண இசையைத் தூக்கினார். விளக்கும் அதற்கேற்ப மாறியது. கைதட்டல் கேட்டதும் அக்காவுக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்து நினைத்துத்தான் பிறகு அவள் மனசு கூசியது. மறுகணம் மேடைக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். எதிர்த் திரை மறைவில் மாமனார் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி, ஒரு காலை முன்னால் எடுத்துவைத்தபடி நின்றுகொண்டிருந்தார்.

நாடகம் முடிந்ததும் மகள் உள்ளே வந்தாள். "எப்பப்பா பாடினீங்க? நான் கவனிக்கலையா?" என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். மாமனார், "இன்னிக்கு அந்த எடம் வரலம்மா" என்றார். நாத்தனார்க்காரி லேசாகச் சிரித்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள். "பரவாயில்ல மாமா, கல்யாணத்துல பூப் போடற சீன்ல நல்லாத்தான் நின்னீங்க" என்றார் மாப்பிள்ளை. மகள் முகம் சிறுத்துவிட்டது. அப்பா பீற்றிக்கொண்டார் என்றுதான் அவள் நினைத்திருக்க வேண்டும். அக்கா இரண்டடி தள்ளி நாற்காலியை மடக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்தது. வாயைத் திறந்தாளா? திறக்கவில்லை, மகராசி.

அவர்கள் போனதும் டைரக்டர் சிட்டுவைப் பிடித்துக்கொண்டார். "படத்த எப்ப பார்த்த?"

"சத்தியமா பார்க்கல சார். எனக்கு மறந்துபோச்சு. அக்கா சொன்னதத்தான் சொன்னேன்."

எல்லாத் தலையும் அக்கா பக்கம் திரும்பியது. அக்கா புத்தகத்தைப் பிரித்தாள், பக்கத்தைக் கண்டுபிடித்தாள், "அப்பாகிட்ட ஒரு வார்த்தை" என்ற வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. விரலை வைத்தாள், அவ்வளவுதான். டைரக்டர் தலையை ஆட்டினார். பதினோரு வருஷமாக ஒரு வரி பிசகாத அக்கா எங்கே, நேற்று வந்த சிட்டு எங்கே! தவிர, படத்தையே பார்க்காத அக்கா வாயில் படத்து வசனம் எப்படி வரும்? தினமும் சிட்டுவுக்கு என்று வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவந்து கொடுக்கிற மாமனார், அன்று அவள் பக்கம் திரும்பாமலேயே போனார்.

திங்கட்கிழமை விடுமுறை. காலை பத்து மணிக்கு சிட்டு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். அக்காவின் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். அன்று அவருக்கும் ஓய்வு. அவர்தான் கதவைத் திறந்து, காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சிட்டு அதைத் தொடவில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நேத்து நீங்க என்ன சொன்னீங்க? என் காதுல பெட்டிய எடுங்கன்னுதான் விழுந்துச்சு. நல்லா ஞாபகம் இருக்கு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மூன்றாம் மனிதர் யாருமில்லை. அந்தப் பெண் சண்டை போடவும் வரவில்லை, கெஞ்சிக்கொண்டு நின்றாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்து, "புத்தகத்துல இருக்கறதத்தான்மா சொன்னேன். ஒனக்குக் காய்ச்சல் வேற" என்றாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்க்கா" என்று சிட்டு எழுந்து போனாள்.

கதவு சாத்தியதும் வீட்டுக்காரர் ஆறிப்போன டம்ளரை எடுத்தார். "பெட்டிய எடுங்க, வண்டி யாருக்காகவும் நிக்காது. அது நம்ம படம் இல்ல?"

"சும்மா இருங்க."

"நீ தூக்கத்துலகூட அதச் சொல்லுவியே."

"சும்மா இருங்கங்கறேன்ல!"

"நான் சும்மாத்தான் இருக்கேன். கட்டிக்கிட்ட நாள்லேருந்து சும்மாத்தான் இருக்கேன்." டம்ளரோடு சமையலறைக்குப் போனவர் அங்கிருந்தே சொன்னார். "அந்தப் பொண்ணு ராத்திரி முழுக்கத் தூங்கலபோல. கண்ணப் பார்த்தியா?" அதற்குப் பிறகு அன்று முழுக்க அவர் பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அக்கா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து முகம் துடைக்கும்போது கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சீ, நீயும் ஒரு மனுஷியா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். கேட்டுக்கொண்டாளே ஒழிய, எழுந்துபோய் ஒரு போன் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் சிட்டு நேராக டைரக்டரிடம் போனாள். "சார், நான் படத்தப் பார்த்திருப்பேன்னு நெனைக்கிறேன். சின்ன வயசுல எங்க வீட்ல ராத்திரியெல்லாம் டிவி ஓடும். தூக்கத்துல காதுல விழுந்திருக்கும். அது எப்படியோ வாயில வந்துடுச்சு. அக்கா மேல பழியப் போட்டது என் தப்பு" என்றாள். சொல்லிவிட்டு அக்காவிடம் வந்தாள். "எல்லார் முன்னாடியும் உங்கள இழுத்து விட்டுட்டேன். மன்னிச்சிருங்கக்கா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கை இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. "விடும்மா, விடும்மா" என்று மட்டும் முனகினாள். பக்கத்தில் நின்றவர்கள், அக்காவுக்கு எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள்.

புதன்கிழமை மதியம் டைரக்டர் எல்லாரையும் மேடையில் கூட்டினார். பிளாட்பாரத்துப் பெஞ்சுகளில் கொஞ்சம் பேரும் தரையில் மீதிப் பேரும் உட்கார்ந்தார்கள். டைரக்டர் சுற்றி வளைக்கவில்லை. நாளை முதல் கதாநாயகி வேறு ஒருத்தி, கூட்டத்தில் ஆடுகிற பெண்களில் உயரமானவள். சிட்டு இந்த நாடகத்தில் வேண்டாம். "அவ கெட்டவ இல்ல. ஆனா, மேடையில என்ன வரும்னு அவளுக்கே தெரியலன்னா நான் எப்படி நம்பறது?"

சிட்டு பையை முன்கூட்டியே கட்டிவைத்திருந்தாள். எழுந்து, மாமனார் முன்னால் போய், "அப்பா, உங்க பாட்ட நான் கெடுத்துட்டேன்" என்றாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்தாள். "நான்தான் சொன்னேன்" என்றாள். சத்தம் வரவில்லை. குசுகுசுப்பதே பிழைப்பாகிப் போனவளுக்கு வேண்டிய நேரத்தில் குரல் எங்கே வரும்? தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "அந்த வசனத்த அவளுக்கு எடுத்துக் குடுத்தது நான்தான். படத்து வசனம். நான்தான் தப்பாக் குடுத்தேன்."

டைரக்டர் கனிவாகச் சிரித்தார். "அக்கா, உக்காருங்க. உங்க மனசு எனக்குத் தெரியும். ஒரு பொண்ணக் காப்பாத்தணும்னு பார்க்கறீங்க."

"இல்ல சார், நெஜமாவே..."

"நீங்கதான் படமே பார்க்கலையே. உக்காருங்கக்கா."

சிட்டுவும் வந்து அவள் தோளைத் தொட்டாள். "வேணாம்க்கா. எனக்காக நீங்க பொய் சொல்ல வேணாம்."

நன்றாயிருக்கிறதா கூத்து! பொய்யை மூச்சுக் காட்டாமல் நம்பினவர்கள், உண்மையைச் சொன்னால் தட்டிக் கொடுத்து உட்காரச் சொல்கிறார்கள். உட்கார்ந்திருந்தால் அதுவும் முடிந்திருக்கும். நல்லவள் என்ற பேரும் மிஞ்சியிருக்கும். அக்காவுக்கு அந்த ஆசை ஒரு கணம் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு அவள் சிட்டுவின் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு மேடை நடுவுக்குப் போனாள்.

படத்தில் பிளாட்பாரக் காட்சி ஏழு நிமிஷம். அக்கா முதல் வசனத்திலிருந்து தொடங்கினாள். கதாநாயகன் குரலில் ஒரு வரி, கதாநாயகி குரலில் ஒரு வரி. நடுவில் டீ விற்கிறவனின் கூவல், ரயில் விசில், கதாநாயகி தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குகிற இடம், அவன் பொய்யாக இருமுகிற இடம், எதையும் விடவில்லை. காட்சிக்கு நடுவே வருகிற இரண்டு வரிப் பாட்டையும் பாடினாள். குரல் கரகரத்தது. ஐம்பது வயதுப் பெண் கையை ஆட்டிக்கொண்டு, இருபது வயதுப் பெண் மாதிரி வெட்கப்பட்டுக் காட்டினால் எப்படி இருக்கும்? முதலில் நாலைந்து பேர் சிரித்தார்கள். படம் பார்த்துவிட்டு விளக்கு வேலைக்குப் போனவர் சிரிக்கவில்லை. அவர் வாயைப் பிளந்துகொண்டு, "அச்சு அசலா அதேதான் சார்" என்றார். அதோடு சிரிப்பு நின்றுபோனது. அக்கா நிறுத்தவில்லை. கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் சொட்டியது, துடைக்காமலே சொல்லிக்கொண்டு போனாள். கடைசியில், "பெட்டிய எடுங்க. வண்டி யாருக்காகவும் நிக்காது" என்றாள்.

"எத்தன தடவ பார்த்தீங்க?" என்றார் டைரக்டர்.

"பதினேழு."

"அன்னிக்கு நான் கை தூக்கச் சொன்னேனே."

"தூக்கல சார். வேல போயிடும்னு பயந்தேன். ஞாயித்துக்கிழமையும் பயந்தேன். அவ வீடு தேடி வந்து கேட்டா. அப்பவும் பொய்தான் சொன்னேன்."

டைரக்டர் உயரமான பெண்ணைப் பார்த்து, நீ பழைய இடத்துக்கே போம்மா என்றார். மாமனார் எழுந்தார். அக்காவை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சிட்டுவிடம் போய், "ஒன் மொகத்தப் பார்க்காம இருந்துட்டேனே தாயி" என்று அவள் பையை வாங்கிக் கீழே வைத்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். மகளுக்குப் போன் போடப் போகிறார் என்று அக்கா நினைத்தாள். போட்டு என்ன சொல்ல முடியும்? நாத்தனாரின் அந்தச் சிரிப்பைப் போனில் துடைக்க முடியுமா?

எல்லாரும் ஒத்திகைக்கு நகர்ந்தார்கள். சிட்டு மட்டும் அக்காவின் முன்னால் வந்து நின்றாள். அறைவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அறைந்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். கட்டிக்கொண்டு அழுதுவிடுவாளோ என்றுதான் உண்மையில் பயந்தாள். அவள் இரண்டும் செய்யவில்லை. கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"நீங்க சொல்லலைன்னு சொன்னதும் நான் எதுத்துக்கூடக் கேக்கலக்கா. அப்படியே நம்பிட்டேன். அன்னிக்குச் சாயங்காலம் எங்கம்மாவக் கூட்டிக்கிட்டு டாக்டர்கிட்ட போனேன். யாரும் பேசாததெல்லாம் என் காதுல கேக்குது, எனக்குப் பைத்தியமா டாக்டர்னு கேட்டேன். எங்கம்மா அங்கேயே உக்காந்து அழுதாங்க. மாத்திரை எழுதிக் குடுத்தாரு. மூணு நாளா சாப்பிடறேன்."

டைரக்டர் சிட்டுவைக் கூப்பிட்டார். அவள், "வரேன் சார்" என்று போய் பிளாட்பாரத்தில் நின்றாள். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.